முள் சொன்ன வேகமும் எண் சொன்ன தூரமும்

நாம கிலோமீட்டருக்கு மாறி அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனாலும் புதுசா வண்டி எடுத்தவரைப் பார்த்தா முதல் கேள்வி "மைலேஜ் எவ்ளோங்க தருது?" என்பதுதான். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு பதில் வரும். கேட்டவரும் மைலைப் பத்தி யோசிக்க மாட்டார், சொன்னவரும் யோசிக்க மாட்டார்.

சொல்லை விடுங்க. அந்தப் பதில் எங்கிருந்து வருது? டேங்க் நிறைய பெட்ரோல் போட்டு, மீட்டர் எண்ணைக் குறிச்சு வெச்சு, அடுத்த தடவை போடும்போது கழிச்சுப் பார்த்துச் சொல்றது. அதாவது எல்லாம் அந்த மீட்டர் சரியா இருக்குங்கற நம்பிக்கையில நிக்குது. அந்த நம்பிக்கை, அதுவும் பழைய கார்களில், எவ்வளவு தூரம் தாங்கும் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். டேஷ்போர்டில் இருக்கற அந்த வட்டத்துக்குள்ள ரெண்டு கருவி இருக்கு. முள் காட்டறது வேகம் (ஸ்பீடோமீட்டர்). சின்ன ஜன்னலுக்குள்ள உருளும் எண்கள் காட்டறது தூரம் (ஓடோமீட்டர்). ரெண்டும் ஒரே வயிற்றில் பிறந்த பிள்ளைகள். ஆனா ரெண்டும் தப்பு செய்யற விதம் வேற வேற.

சக்கரத்தை எண்ணுதல்

தூரம் அளக்கறதுக்கு மனுஷன் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது. சக்கரத்தின் சுற்றளவு தெரியும். எத்தனை தடவை சுத்துச்சுன்னு எண்ணினா, பெருக்கினா, தூரம்.

கிறிஸ்து பிறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தன்னுடைய நூலின் பத்தாம் பகுதியில் இப்படி ஒரு வண்டியை விவரிக்கிறார். சக்கரம் ஒரு சுற்று சுத்தினா பன்னிரண்டரை அடி. அச்சில் இருக்கும் ஒரே ஒரு பல், 400 பல் உள்ள இன்னொரு சக்கரத்தை ஒவ்வொரு பல்லாத் தள்ளும். 400 சுற்று முடிஞ்சா 5000 அடி, அதாவது ஒரு ரோமானிய மைல். அப்போ ஒரு கூழாங்கல் கீழே இருக்கற பாத்திரத்தில் டங்குன்னு விழும். ஊர் போய்ச் சேர்ந்ததும் கல்லை எண்ணினா போதும்.

ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு என் பெரியப்பா வண்டியில் இருந்ததும் இதே கணக்குதான். கல்லுக்குப் பதிலா எண் உருளை, அவ்ளோதான் வித்தியாசம்.

இதில் ஒரு ஓட்டை இருக்கு. எண்ணறது பிழைக்காது. சுற்றளவு பன்னிரண்டரை அடின்னு நாம வெச்சுக்கிட்ட கணக்குதான் பிழைக்கும். அவிநாசித் தேரோட சக்கரம் மாதிரி பெருசா செஞ்சாலும் சரி, ஸ்கூட்டர் சக்கரம் மாதிரி சின்னதா செஞ்சாலும் சரி, தேய்ஞ்ச சக்கரம் அதிக சுற்று சுத்தும். எண்ணும் கருவி அதை அதிக தூரம்னு நினைச்சுக்கும்.

நம்ம நாட்டில் கம்பெனி ஆட்சிக் காலத்து சர்வேயர்களுக்கு இந்தத் தலைவலி நல்லாவே தெரிஞ்சிருந்தது. பெராம்புலேட்டர்னு ஒரு அளவுச் சக்கரத்தை ஆள் தள்ளிக்கிட்டே போவார். அதில் ஒரு முகப்பு, தூரம் காட்டும். மேடு பள்ளம், வண்டித்தடத்தின் வளைவு எல்லாத்தையும் அது சேர்த்து எண்ணும். அதனால் 1802ல் சென்னை பரங்கிமலைப் பக்கம் லாம்டன் தன் பெரிய முக்கோண சர்வேக்கு அடிக்கோடு அளந்தபோது சக்கரத்தை நம்பவில்லை. எஃகுச் சங்கிலியை வெச்சு அளந்தார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதற்காகப் பக்கத்திலேயே தெர்மாமீட்டரும் வெச்சுக்கிட்டார். அளவுகோலையே சந்தேகப்படத் தெரிஞ்ச மனுஷன்.

வட்டத்துக்குள்ள என்ன இருக்கு?

வேகம் கதை வேற. அதற்கு நேரமும் சேர்ந்து வேணும். சுத்தற வேகத்தை அப்படியே முள் அசைவா மாத்தணும். இதற்கு நல்ல வழியைக் கண்டுபிடிச்சவர் ஓட்டோ ஷூல்ட்சே என்ற ஜெர்மானியர். 1902ல் காப்புரிமை வாங்கினார். அதற்குப் பிறகு வந்த எண்பது தொண்ணூறு வருஷத்துக் கார்களில் பெரும்பாலானவை அவர் வழியிலேயே ஓடியிருக்கின்றன.

கியர் பாக்ஸில் இருந்து வெளியே வர்ற தண்டில் ஒரு சின்னப் பல்சக்கரம். அதிலிருந்து ஒரு கேபிள், உறைக்குள்ள சுத்திக்கிட்டே டேஷ்போர்டுக்கு வரும். அதன் முனையில் ஒரு காந்தம். காந்தத்தை மூடின மாதிரி, ஆனா தொடாம, ஒரு அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தோட தலையில் முள். முள்ளைப் பூஜ்யத்துக்கு இழுத்துப் பிடிக்க, கடிகாரத்தில் இருக்கற மாதிரி ஒரு மெல்லிய சுருள் வில்.

காந்தம் சுத்தினா அலுமினியத்துக்குள்ள சுழல் மின்னோட்டம் உண்டாகும். அது கிண்ணத்தையும் கூடவே இழுக்கப் பார்க்கும். வில் தடுக்கும். இழுப்பும் தடுப்பும் சமமாகற இடத்தில் முள் நிக்கும். அந்த இழுப்பு வேகத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கறதால முகப்பில் எண்களைச் சம இடைவெளியில் போடலாம். அழகான ஏற்பாடு. பேட்டரி வேண்டாம், சிப் வேண்டாம்.

தூரம் காட்டும் உருளைகளுக்கு இந்த நளினம் எல்லாம் கிடையாது. அதே காந்தத் தண்டில் இருந்து பல்சக்கரங்கள் வழியா நேரடி இணைப்பு. கடைசி உருளை பத்து எண் சுத்தினா அடுத்ததை ஒரு எண் தள்ளும். வில்லும் இல்லை, காந்தமும் இல்லை. வெறும் எண்ணிக்கை.

இந்த வித்தியாசத்தை மனசுல வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

முகப்பில் ஒரு ரகசிய எண்

பழைய பிரிட்டிஷ் கார்களின் ஸ்பீடோமீட்டர் முகப்பில் ஓரமாகப் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். ஸ்மித்ஸ் கம்பெனி செஞ்ச மீட்டர்களில் இதைப் பார்க்கலாம். எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரில் 1280ன்னு ஒண்ணு பிரபலம். ஒரு மைல் போனா கேபிள் 1280 தடவை சுத்தணும் என்பதுதான் அதன் அர்த்தம். டயர், பின்னச்சு கியர், கேபிள் கியர் மூணும் சேர்ந்து அந்த எண்ணைக் கொடுத்தாத்தான் மீட்டர் சொல்றது நிஜம்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 1280க்குச் செஞ்ச மீட்டரை, கேபிள் மைலுக்கு 1408 தடவை சுத்தற வண்டியில் மாட்டிட்டா என்ன ஆகும்? சரியா 10 சதவீதம் கூடக் காட்டும். முள்ளும் கூடக் காட்டும், எண்ணும் கூடக் காட்டும். மீட்டர் கெட்டுப் போச்சுன்னு புதுப்பேட்டை மாதிரி இடத்தில் பழசு ஒண்ணு தேடிப் பிடிச்சு, முகம் ஒரே மாதிரி இருக்குன்னு மாட்டிக்கிட்ட வண்டிகளில் இந்தக் கூத்து சர்வ சாதாரணம். திருகு எல்லாம் பொருந்தும். கேபிளும் பொருந்தும். கணக்கு மட்டும் பொருந்தாது.

நம்ம ஊர் சாலைகளை ஆண்ட கார்களின் பூர்வீகமும் இங்கே முக்கியம். அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையின் வாரிசு. உத்தரபாராவில் 1950களின் கடைசியில் தொடங்கி 2014 வரை செஞ்சாங்க. சென்னையில் செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இங்கிலாந்து வழி. இவங்க பரம்பரை மைல் பரம்பரை. பம்பாயில் செஞ்ச ஃபியட் 1100 (பிற்பாடு பிரீமியர் பத்மினி) இத்தாலிக்காரன், பிறவியிலேயே கிலோமீட்டர்.

இந்தியாவில் மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956ல் வந்தது. 1957 ஏப்ரலில் அணா போய் நயா பைசா வந்தது. எடையும் நீளமும் அடுத்த சில வருஷங்களில் படிப்படியா மாறின. சாலை ஓரத்து மைல்கல் கிலோமீட்டர் கல் ஆச்சு. ஆனா ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருந்த வண்டிக்குள்ள இருந்த முகப்பை யார் மாத்துவா? கல் கிலோமீட்டர், மீட்டர் மைல். முள் 40ல் நின்னா நிஜத்தில் 64 கிலோமீட்டர் வேகம். டிரைவர்கள் மனசுக்குள்ளயே எட்டால் பெருக்கி அஞ்சால் வகுத்து ஓட்டினாங்க. இன்னைக்கும் எங்க பக்கம் பெருசுங்க "பத்து மைல் இருக்குமுங்க"ன்னு சொன்னா அது பெரும்பாலும் நிஜ மைல்தான். பதினாறு கிலோமீட்டர் நடக்கத் தயாரா இருக்கணும்.

பத்து சதவீத சலுகை

சட்டம் என்ன சொல்லுது? பிரிட்டனில் 1937ல் புதுக் கார்களுக்கு ஸ்பீடோமீட்டர் கட்டாயமாச்சு. மணிக்கு 10 மைலுக்கு மேல் போனா 10 சதவீதம் கூடவோ குறையவோ காட்டலாம் என்பதுதான் விதி. கூடவோ குறையவோ. அதாவது முள் 60ன்னு காட்டும்போது நிஜம் 55ஆகவும் இருக்கலாம், கிட்டத்தட்ட 67ஆகவும் இருக்கலாம். ரெண்டுமே சட்டப்படி சரி!

இந்த மனப்பான்மை மாறினது பிற்பாடு. 1978ல் நடைமுறைக்கு வந்த ஐ.நா. ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 39வது வாகன ஒழுங்குமுறை ஒரு திசையை மூடிருச்சு. முள் நிஜ வேகத்தை விடக் குறைவாக் காட்டவே கூடாது. கூடக் காட்டலாம், ஆனா நிஜ வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதோடு 4 கிலோமீட்டரும் தான் உச்சம். நிஜமா 60ல் போனா முள் 60ல் இருந்து 70 வரை எங்கே வேணும்னாலும் நிக்கலாம். 100ல் போனா 114 வரை.

இதனால்தான் கார் கம்பெனிகள் வேணும்னே கொஞ்சம் தூக்கி வெச்சுச் செய்யறாங்க. டயர் தேயும், காத்து குறையும், ஒவ்வொரு மீட்டரும் துளி வித்தியாசமா வரும். எந்த நிலையிலும் குறைவாக் காட்டிடக் கூடாதுன்னா நடு இலக்கையே மேலே தள்ளி வைக்கணும். ஆக, முள் சொல்ற பொய் திட்டமிட்ட பொய். நம்ம நன்மைக்காக அம்மா "மணி ஏழாச்சு எந்திரி"ன்னு ஆறே முக்காலுக்கே சொல்ற மாதிரி :-)

நம்ம நாட்டில் 1989ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117வது விதி ஸ்பீடோமீட்டரைப் பற்றியது. ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ் அளவுக்கு யாரும் அதைக் கண்டுக்கறதில்லை. கேபிள் அறுந்து, முள் பூஜ்யத்தில் தூங்கிக்கிட்டே பத்து வருஷம் ஓடின வண்டிகளை நாம எல்லாருமே பார்த்திருக்கோம்.

கோயமுத்தூர்க்காரங்களுக்கு இதில் என்ன பங்கு?

இருக்குங்க, நிறையவே இருக்கு. தூரம்னா காசுன்னு சீக்கிரமே புரிஞ்சுக்கிட்ட ஊர் நம்முது.

ஜி.டி.நாயுடு 1920ல் ஒரே ஒரு பஸ்ஸை வெச்சுக்கிட்டு பொள்ளாச்சி பழனி வழியில் ஓட்ட ஆரம்பிச்சார். அது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் கம்பெனியா வளர்ந்தது. பஸ் தொழில்ல எல்லாமே மைல் கணக்கு. டிக்கெட் மைலுக்கு, டீசல் மைலுக்கு, டயர் ஆயுள் மைலுக்கு. அப்படிப்பட்ட மனுஷன் டிக்கெட் மெஷின், ஓட்டுப் பதிவு மெஷின்னு எண்ணும் கருவிகளாகவே செஞ்சு பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. கோவையில் அவிநாசி ரோட்டில் அவர் பேரில் இருக்கும் கார் மியூசியத்துக்குப் போனா, நூறு வருஷத்து முகப்புகளை வரிசையாப் பார்க்கலாம். குழந்தைங்க காரைப் பார்ப்பாங்க, நீங்க குனிஞ்சு மீட்டரைப் பாருங்க. 2025 அக்டோபரில் அதே ரோட்டில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் அவர் பேர்தான்.

அடுத்தது இன்னும் நேரடியானது. 1970களின் நடுவில் மேட்டுப்பாளையம் ரோட்டில் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு தொழிற்சாலை தொடங்கினது. பேரு பிரீமியர் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அண்ட் கன்ட்ரோல்ஸ். சுருக்கினா பிரிக்கால். வண்டிகளுக்கு டேஷ்போர்டு மீட்டர் செய்யறதுதான் தொழில். இந்தியாவில் ஓடற பைக், ஸ்கூட்டர்களில் ஏகப்பட்டதில் முள் ஆடுவது கோவைக்காரர் கை பட்டுத்தான். பஞ்சு மில்லுக்கும் பம்பு செட்டுக்கும் பேர் போன ஊர், மயிர் கனம் உள்ள சுருள் வில்லையும் செய்யக் கத்துக்கிட்டது. எனக்கு இது பெரிய விஷயமாத் தெரியுது.

கல்லை வெச்சு முள்ளைப் பிடித்தல்

சரி, ஒரு பழைய மீட்டர் எவ்வளவு தப்புன்னு வீட்டில் இருந்தே கண்டுபிடிக்க முடியுமா? முடியும். பழைய டிரைவர்கள் செஞ்சதுதான். முள்ளை ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரு கல்லில் இருந்து அடுத்த கல்லுக்கு எத்தனை விநாடின்னு கடிகாரத்தில் பார்ப்பாங்க. 3600ஐ அந்த விநாடியால் வகுத்தா நிஜ வேகம். 60 விநாடின்னா 60 கிலோமீட்டர். 72 விநாடின்னா 50. 90 விநாடின்னா 40.

பெரியப்பா எண்பதுகளில் வாங்கின கார் இன்னும் ஓட்டத்தில் இருக்கு. (எந்தக் கம்பெனின்னு சொல்லி என்ன பிரயோசனம்? நாப்பது வருஷம் கழிச்சு யாரையும் குத்தம் சொல்ல முடியாது.) ஒரு ஞாயித்துக்கிழமை காலையில், டிராஃபிக் இல்லாத நேரத்தில், அவிநாசியில் இருந்து சேலம் பக்கம் போற நெடுஞ்சாலையில் அதை எடுத்துக்கிட்டுப் போனோம். பழைய 47ஆம் நெடுஞ்சாலை, இப்போ 544. அவர் ஓட்டினார், நான் விநாடி எண்ணினேன்.

முள்ளை 60லேயே வெச்சு 5 கிலோமீட்டர் போனதுக்கு 325 விநாடி ஆச்சு. கணக்குப் போட்டா நிஜ வேகம் 55.4. செல்போன் ஜிபிஎஸ்ஸும் 55க்கும் 56க்கும் நடுவுலதான் காட்டிக்கிட்டு இருந்தது. முள் கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடச் சொல்லுது.

அதே ஓட்டத்தில் தூரத்தையும் பார்த்தோம். கல் கணக்கில் 10 கிலோமீட்டர் போனப்போ ஓடோமீட்டர் 10.3 காட்டினது. 3 சதவீதம் கூட.

மேலே சொன்ன வித்தியாசம் இப்போ வேலைக்கு வருது. டயரும் கியரும் செய்யற தப்பு, முள், எண் ரெண்டுக்கும் பொது. ரெண்டும் ஒரே கேபிளில்தானே வருது. காந்தமும் வில்லும் செய்யற தப்பு முள்ளுக்கு மட்டும். ஆக 8ல் 3 சதவீதம் டயர் பக்கத்தது. மீதி 5 சதவீதம் மீட்டருக்குள்ள இருக்கற வில், காந்தத்தோடது. பொட்டி தட்டிப் பிழைக்கற எனக்கு இது ரொம்பப் பிடிச்ச மாதிரி டீபக்கிங். மீட்டரைத் திறக்காமலேயே தப்பு எந்த வீட்டில் குடியிருக்குன்னு தெரிஞ்சு போச்சு.

பெரியப்பாகிட்டச் சொன்னேன். "அப்ப இத்தன வருஷமா நான் அம்பத்தஞ்சுலதான் போயிருக்கனா?"ன்னு கேட்டார். அவருக்கு அது பெருமையாவும் இருந்தது, கொஞ்சம் ஏமாத்தமாவும் இருந்தது.

வயசாகும்போது என்ன ஆகுது?

3 சதவீதம் எங்கிருந்து வரும்? தேய்மானத்தைக் கணக்குப் போடுவோம். அம்பாசிடர் சைஸ் டயரை எடுத்துக்குங்க, அச்சில் இருந்து தரை வரை சுமார் 325 மில்லிமீட்டர். புது டயரில் இருந்து மொட்டை டயர் ஆகறதுக்குள்ள ஒரு 6 மில்லிமீட்டர் ரப்பர் போகும். அதுவே கிட்டத்தட்ட 1.8 சதவீதம். புது டயரும் கம்பெனியில் மீட்டர் கணக்குப் போட்ட டயரும் துளி வேற அளவா இருந்தா மீதி வந்துரும். பழைய நூல் டயரைக் கழட்டிட்டு ரேடியல் போட்டவங்க, கிடைக்கற சைஸைப் போட்டுக்கிட்டவங்க எல்லாருக்கும் இந்தக் கணக்கு மாறியிருக்கும்.

முள்ளோட கதை இன்னும் சுவாரசியம். வருஷக்கணக்கில் காந்தம் பலவீனமாகும், அப்போ முள் குறைச்சுக் காட்டும். வில் தளர்ந்தா கூட்டிக் காட்டும். வெயிலில் அலுமினியத்தின் மின்தடை டிகிரிக்கு சுமார் 0.4 சதவீதம் ஏறும், இழுப்பு குறையும், முள் இறங்கும். இதைச் சமாளிக்க நல்ல மீட்டர்களில் காந்தத்தோடு நிக்கல் இரும்புக் கலவைத் துண்டு ஒண்ணு சேர்த்திருப்பாங்க. சூட்டில் அது காந்த ஓட்டத்தைக் கம்மியாத் திருடி, இழந்ததை ஈடு கட்டும். லாம்டன் வெச்ச தெர்மாமீட்டரோட பேரப்பிள்ளைன்னு வெச்சுக்கலாம்.

அப்புறம் எண்ணெய். முள் தடதடன்னு ஆடுதுன்னு பக்கத்து மெக்கானிக்கிட்டப் போனப்போ அவர் சொன்னது: "கேபிளுக்கு கிரீஸ் வெச்சா ஆட்டம் நின்னுருமுங்க. ஆனா மேல் முனைல வெக்காதீங்க, சுத்திச் சுத்தி மீட்டருக்குள்ள ஏறிக்கும். அப்புறம் வண்டி நின்னாலும் முள்ளு எறங்காது." காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கிரீஸ் புகுந்தா காந்த இழுப்போடு பிசுபிசுப்பு இழுப்பும் சேர்ந்துக்கும். அவர் இயற்பியல் படிக்கலை. ஆனா விஷயம் அதேதான்.

தராசுக்கு முத்திரை, மீட்டருக்கு?

இது வரைக்கும் வேடிக்கையா எழுதிட்டேன். இனிமேல்தான் காசு.

மளிகைக் கடைத் தராசுக்கு அரசாங்க முத்திரை வேணும். பெட்ரோல் பங்க் பம்புக்கு வேணும். டாக்ஸி மீட்டருக்கும் வேணும். ஆனா கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் நாம பிடிக்கற டூரிஸ்ட் காருக்குக் கிலோமீட்டர் கணக்கில் வாடகை கொடுக்கறது எதைப் பார்த்து? டேஷ்போர்டில் உருளும் அந்த எண்ணைப் பார்த்து. அதற்கு யாரும் சீல் வைக்கறதில்லை. எண் 400 கிலோமீட்டர் காட்டி, மீட்டர் 3 சதவீதம் கூட ஓடினா, நிஜத்தில் போனது 388. கிலோமீட்டருக்கு 15 ரூபாய்னா 180 ரூபாய் ஓடாத தூரத்துக்கு. யாரும் திருடலை. மொட்டை டயர் திருடிருச்சு.

மைலேஜும் இதே மாயம்தான். 3 சதவீதம் கூட எண்ணுற மீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர்னு பெருமையடிக்கற வண்டி, நிஜத்தில் 11.65தான் தருது. கூட எண்ணற மீட்டரைப் பத்தி ஓனர் யாரும் புகார் சொல்லாததற்கு இதுவும் ஒரு காரணமோ என்னமோ. ஆனா அதே ஓனர் அதே வண்டியை விக்கும்போது அந்த எண் அவருக்கு எதிரி. கையும் நமநமன்னும்.

பழைய மீட்டர்களில் பெரும்பாலும் அஞ்சு இலக்கம்தான். 99,999க்கு அப்புறம் 00000. எங்க ஆபீஸ் பாஷையில் இது ஓவர்ஃப்ளோ. நாப்பது வருஷ வண்டி 38,000 காட்டினா அது 38,000ஆ, 1,38,000ஆ, 2,38,000ஆன்னு மீட்டரைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை. இது திருட்டே இல்லாத பொய். திருட்டுப் பொய் தனி. கேபிளைக் கழட்டிட்டு ஓட்டறது, உருளைகளைக் கையால் திருப்பறது எல்லாம் உலகம் பூரா நடந்தது. அமெரிக்காவில் இதைத் தடுக்க 1972ல் தனிச் சட்டமே போட்டாங்க. அதற்குப் பிறகும் 2002ல் அவங்க சாலைப் பாதுகாப்பு நிறுவனம் செஞ்ச ஆய்வில், வருஷத்துக்கு 4,50,000 கார்கள் குறைச்ச எண்ணோடு விக்கப்படுவதா மதிப்பிட்டாங்க. இங்கே ஓடோமீட்டருக்குன்னு அப்படித் தனிச் சட்டம் இல்லை. ஏமாற்றுதல்னு பொதுப் பிரிவில்தான் போகணும். முன்னாடி இந்திய தண்டனைச் சட்டம் 420, 2024 ஜூலையில் இருந்து பாரதிய நியாய சன்ஹிதா 318.

"டிஜிட்டல் வந்துருச்சே, இனி கவலை இல்லை"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டிஜிட்டல் ஓடோமீட்டர்னா ஒரு சிப்பில் எழுதி வெச்ச எண். எழுதினதை அழிச்சு எழுத ஒரு வயரும் லேப்டாப்பும் போதும். உருளையைத் திருப்பினவன் கைரேகையை விட்டுட்டுப் போவான். எண்கள் ஒரே நேர்கோட்டில் நிக்காது, முகப்புத் திருகில் கீறல் இருக்கும். சிப்பைத் திருப்பினா முகப்பில் ஒரு கீறலும் இருக்காது. என் தொழில்காரன் செய்யற வேலைதான், அதனால் சொல்றேன்.

பழைய கார் வாங்கணும்னு ஆசைப்படற நண்பர்கள் அடிக்கடி என்னைக் கேப்பாங்க. நான் சொல்றது இவ்ளோதான். எண்ணைக் கடைசியாப் பாருங்க. முதல்ல பிரேக், கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்க, டிரைவர் சீட்டோட வலது விளிம்பைப் பாருங்க, ஸ்டீயரிங்கில் கை படற இடத்தைப் பாருங்க, சர்வீஸ் பில்லைக் கேளுங்க. பெடல் ரப்பர் வழுவழுன்னு தேய்ஞ்சு, எண் மட்டும் இளமையா இருந்தா, ரெண்டில் பெடலை நம்புங்க. வாங்கினதுக்கு அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை கல்லையும் கடிகாரத்தையும் வெச்சு, முள் எவ்வளவு தப்பு, எண் எவ்வளவு தப்புன்னு தனித்தனியாக் குறிச்சு, கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வெச்சுக்குங்க.

முள்ளை நான் மன்னிச்சுட்டேன். அது கூடச் சொல்றதுக்கு ஒரு நியாயம் இருக்கு, அந்த 5 கிலோமீட்டர் பொய்யில் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ரோட்டைத் தாண்டியிருக்கும். எண்ணுக்கு அந்த நியாயம் கிடையாது. அது தராசு. பஸ் டிக்கெட், டாக்ஸி வாடகை, பழைய கார் விலைன்னு அதை நம்பி ஒரு கையில் இருந்து இன்னொரு கைக்குக் காசு போகுது. நம்ம கோவையிலேயே லட்சக்கணக்கில் மீட்டர் செய்யறோம். அதைச் சரிபார்த்து ஒரு முத்திரை குத்தறது அவ்வளவு பெரிய வேலையா என்ன?